கிளாக்கோமா வடிகால் கருவிகளில் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவது எது: குழாயா, வால்வா, கேப்சூலா?

பாய்மம் எழுதியது:

கண் அழுத்தத்தைக் குறைக்க, முன்னறை நீரைக் குழாய் வழியே கண்ணின் மேல் தைத்த தட்டுக்குக் கொண்டுபோகும் கிளாக்கோமா வடிகால் கருவிகளின் பாய்வைக் கணக்குப் போட்டால் விடை நம்பும்படியாக வரவில்லை. அகமது (வால்வு உள்ளது), பேர்வெல்ட் (வால்வு இல்லாதது) என்ற இரண்டு கருவிகளிலும் சிலிக்கோன் குழாயின் உள்விட்டம் சுமார் 0.3 மி.மீ., வெளிவிட்டம் சுமார் 0.63 மி.மீ. முன்னறை நீர் நிமிடத்துக்கு 2.5 மைக்ரோலிட்டர், பாகுத்தன்மை 0.72 மில்லிபாஸ்கல்-நொடி, குழாய் நீளம் 20 மி.மீ. என்று வைத்து குழாய்ப் பாய்வுக்கான ஹேகன்-புவசேய் சூத்திரத்தில் போட்டேன். இரு முனைகளுக்கும் இடையே 2.8 பாஸ்கல்தான் வருகிறது, அதாவது 0.02 மி.மீ. பாதரசம். கண்ணில் 12, 14 என்று நிற்கும் அழுத்தத்துக்கும் இந்தக் குழாய்க்கும் சம்பந்தமே இல்லை போலிருக்கிறது. அப்படியானால் அழுத்தத்தைத் தாங்குவது எது?

இரண்டாவது கேள்வி. அகமது வால்வை சிரிஞ்ச் பம்பில் மாட்டி அளந்தால், அதே கருவி ஒரு முறை 7 காட்டுகிறது, இன்னொரு முறை 13. வால்வு மாறுகிறதா, அளவீட்டில் கோளாறா?

(பிரஷர் எண்கள் எல்லாம் மி.மீ. பாதரசத்தில்.)

விழிநீர் எழுதியது:

கணக்கு சரி. குழாய் வெறும் வழிதான், தடையே இல்லை. இதை ஏற்றுக்கொண்டால் இந்த அறுவையில் நடக்கும் மற்ற எல்லாமே புரிந்துவிடும்.

முன்னறையின் கொள்ளளவு சுமார் 250 மைக்ரோலிட்டர். கட்டுப்பாடு இல்லாத குழாயைச் செருகி, தட்டைச் சுற்றி இன்னும் திசு வளராத நிலையில் விட்டால், நீர் தங்குதடையின்றி வெளியே போகும். முன்னறை சரிந்து, லென்ஸோ ஐரிஸோ கார்னியாவில் போய் ஒட்டும். மோல்டெனோ 1969-இல் தன் கருவியை வெளியிட்ட காலம் முதல் இந்தத் துறை மல்லுக்கட்டி வரும் பிரச்சினை இதுதான். முதல் சில வாரங்களுக்கு ஒரு செயற்கைத் தடை வேண்டும். அதன்பின் தட்டைச் சுற்றி வளரும் நார்த்திசு உறையே, அதாவது கேப்சூலே, நிரந்தரத் தடை.

எண்ணில் பாருங்கள். பிரஷர் 14, பாய்வு 2.5 என்றால் மொத்தத் தடை நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கு 5.6. அதில் குழாயின் பங்கு 0.0085. கேப்சூல் குழாயைவிட அறுநூறு மடங்குக்கு மேல் தடை தருகிறது. (மிச்சமிருக்கும் இயற்கை வடிகால் இணையாக ஓடிக்கொண்டிருப்பதை இங்கே விட்டுவிட்டேன். அதைச் சேர்த்தால் கேப்சூலின் தடை இன்னும் கூடும்.)

ஆக, உங்கள் கேள்விக்கு நாள் கணக்கைச் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும். முதல் வாரத்தில் குழாயை இறுக்கிக் கட்டிய நூல் முடிச்சு அல்லது வால்வு. மூன்றாம் மாதத்தில் கேப்சூல். குழாய் எந்த நாளிலும் இல்லை.

நுண்பாய்வு எழுதியது:

வால்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் "வெஞ்சுரி" என்ற சொல் விளக்கத் தாள்களிலிருந்து பாடநூல் வரை அப்படியே ஏறிவிட்டது.

அகமதுவின் வால்வில் இரண்டு மெல்லிய சிலிக்கோன் சவ்வுகள் இழுத்த நிலையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து வைக்கப்பட்டுள்ளன. அவை இருக்கும் அறை நுழைவில் அகன்று, வெளியேறும் இடத்தில் குறுகுகிறது. குறுகும் இடத்தில் வேகம் கூடி, அழுத்தம் குறைந்து, வால்வு திறந்துகொள்ளும் என்பது வழக்கமான விளக்கம். வேகத்தைக் கணக்குப் போடுங்கள். 0.305 மி.மீ. குழாயில் 2.5 மைக்ரோலிட்டர் பாய்வுக்கு நொடிக்கு 0.57 மி.மீ. ரெனால்ட்ஸ் எண் (நிலைமத்துக்கும் பாகுத்தன்மைக்கும் உள்ள விகிதம்) 0.24. வேகத்தால் வரும் அழுத்தம் 0.00016 பாஸ்கல், ஒரு மி.மீ. பாதரசத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. குறுகும் இடத்தில் வேகம் நூறு மடங்கு ஆனாலும் 0.01-ஐத் தாண்டிக் கொஞ்சம்தான். இந்தப் பாய்வில் பெர்னூலி விளைவுக்கு (வேகம் கூடினால் அழுத்தம் குறைவதற்கு) வேலையே இல்லை, பாகுத்தன்மைதான் எல்லாம்.

உண்மையில் வேலை செய்வது சவ்வின் இழுவிசை. வடிவமைப்பில் சொல்லப்படும் 8 முதல் 12 வரையிலான திறப்பு அழுத்தம் அந்த இழுவிசையிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் வால்வின் உடம்பைப் பல்லுள்ள ஃபோர்செப்ஸால் கவ்வக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மேல்மூடி சற்று நெளிந்தாலே சவ்வின் இழுவிசை போய்விடும், அந்த வால்வு பிறகு பிரஷர் 2-லும் திறந்தே கிடக்கும். தட்டின் ஓரத்தைப் பிடியுங்கள்.

விழிநீர் எழுதியது:

இதோடு பிரைமிங்கும், அதாவது வைக்கும் முன் திரவம் செலுத்தி வால்வைத் திறந்துவிடுவதும், சேரும். பொதிக்குள் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். 27 அல்லது 30 கேஜ் கானுலாவைக் குழாய் முனையில் செருகி, சிரிஞ்சில் காற்றுக்குமிழி ஒன்றும் இல்லாமல், பிஎஸ்எஸ் (சமநிலை உப்புக் கரைசல்) திரவத்தை மெதுவாக, சீராக அழுத்த வேண்டும். முதலில் எதிர்ப்பு தெரியும், பிறகு சட்டென்று விட்டுக்கொடுத்து சவ்வின் ஓரத்தில் நீர் எட்டிப்பார்க்கும். அதைக் கண்ணால் பார்த்தபின்தான் கண்ணில் வைக்க வேண்டும். பிரைம் செய்யாத வால்வு அடுத்த நாள் காலை பிரஷர் 40-ஓடு வரும். அவசரப்பட்டுப் பலமாகப் பீய்ச்சினால் சவ்வு நிரந்தரமாக விரிந்துபோகும், அது எதிர்ப்பக்கத் தவறு.

அளவுகோல் எழுதியது:

பாய்மம், உங்கள் 7-க்கும் 13-க்கும் பெரும்பாலும் வால்வு காரணமில்லை. வெளியேறும் முனை காற்றில் இருக்கிறதா, நீரில் மூழ்கியிருக்கிறதா?

காற்றில் இருந்தால் பரப்பு இழுவிசை உள்ளே வந்துவிடும். 0.305 மி.மீ. குழாய் முனையில் துளி அரைக்கோளமாக நிற்கும்போது அதன் உள்ளழுத்தம், நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.07 நியூட்டன் என்று கொண்டால், 918 பாஸ்கல், அதாவது 6.9. துளி பெருக்கப் பெருக்க அது குறையும், விழுந்ததும் மறுபடி ஏறும். வரைபடம் ரம்பப் பல் மாதிரி வந்தால் நீங்கள் வால்வை அளக்கவில்லை, துளியை அளக்கிறீர்கள். அகமதுவின் வெளியேறும் வாய் வட்டமல்ல, சவ்வின் நீளமான ஓரம். அதனால் இதே எண் அங்கே வராது, ஆனால் கோளாறு இதே வகைதான். ஜென் என்ற நுண்வடிகால் போன்ற, 45 மைக்ரான் துளையுள்ள குழாயில் இதே கணக்கு 47 தரும்.

அதனால் தட்டு முழுவதும் 37 டிகிரி திரவத்தில் மூழ்கியிருக்கட்டும். அந்தத் திரவ மட்டம்தான் உங்கள் சுழியம். மட்டம் 13.6 மி.மீ. ஏறினால் வெளிமுனையில் ஒரு மி.மீ. பாதரசம் கூடும், ஆகவே நிரம்பி வழியும் விளிம்புள்ள கிண்ணம் வையுங்கள். வெளியேறும் நீரை எடை போட்டுப் பாய்வைக் கண்டுபிடிப்பதாக இருந்தால் ஆவியாதலைக் கவனியுங்கள். மணிக்கு 150 மைக்ரோலிட்டர்தான் வருகிறது, திறந்த கிண்ணத்தில் அதில் கணிசமான பங்கு பறந்துவிடும்.

அடுத்தது சிரிஞ்ச். 10 மில்லி சிரிஞ்சில் இந்தப் பாய்வுக்கு அச்சுத்தண்டு நிமிடத்துக்கு 15 மைக்ரான்தான் நகர வேண்டும். ரப்பர் முனை அப்படி நகராது, ஒட்டி நின்று பிறகு துள்ளும். 250 மைக்ரோலிட்டர் கண்ணாடி சிரிஞ்ச் என்றால் நிமிடத்துக்கு 0.6 மி.மீ., சீராக ஓடும். இணைப்புக் குழாய்கள் விறைப்பானவையாக இருக்கட்டும். மென்மையான குழாய் உப்பிச் சுருங்கினால் அழுத்தம் நிலைக்கு வர நெடுநேரம் ஆகும். ஒரு மி.மீ. ஏற 5 மைக்ரோலிட்டர் விழுங்கும் அமைப்பில், தடை 4 என்றால், நேர மாறிலி 20 நிமிடம். அதில் மூன்று, நான்கு மடங்கு காத்திருக்காமல் எழுதிய எண் எதுவும் நிலை எண் அல்ல. கண் இதைவிட விறைப்பானது. கண்சுவரின் விறைப்பைக் குறிக்கும் பழைய ஃபிரீடன்வால்ட் கெழு 0.0215-ஐ எடுத்தால் பிரஷர் 15-இல் ஒரு மைக்ரோலிட்டருக்கு 0.74 ஏறும், அதே தடைக்கு நேர மாறிலி சுமார் 5 நிமிடம்.

பாய்மம் எழுதியது:

முனை காற்றில்தான் இருந்தது, வரைபடமும் ரம்பம்தான். மூழ்க வைத்து மறுபடி ஓட்டுகிறேன். நன்றி ஐயா.

அடுத்த சந்தேகம். குழாய்க்குத் தடை இல்லை என்றால், துளையைச் சிறிதாக்கி வேண்டிய தடையை அதிலேயே வைத்துவிடலாமே? தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம் அல்லவா. வால்வும் முடிச்சும் எதற்கு?

நுண்பாய்வு எழுதியது:

அப்படிச் செய்தவைதான் ஜென் 45-உம் பிரிசர்ஃப்ளோவும். ஜென் குறுக்கிணைத்த பன்றி ஜெலட்டின், நீளம் 6 மி.மீ. பிரிசர்ஃப்ளோ ஸ்டைரீன்-ஐசோபியூட்டிலீன் பாலிமர், 8.5 மி.மீ., துளை 70 மைக்ரான். உங்கள் அதே எண்களைப் போட்டால் பிரிசர்ஃப்ளோவுக்கு 3.2, ஜென்னுக்கு 13.4.

இந்த 13.4-ஐ அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். ஜென்னுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 6 முதல் 8 வரை. 45-க்குப் பதில் 52 மைக்ரான் என்று வைத்தால் 13.4 உடனே 7.5 ஆகிவிடும். நான்காம் அடுக்கு அப்படித்தான், ஏழு மைக்ரான் வேறுபாடு விடையை ஏறக்குறைய பாதியாக்குகிறது. நீரில் ஊறும் பொருளில் துளையைப் பெயரளவு எண்ணால் மட்டும் நம்பிக் கணக்குப் போட முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிலையான தடையில் அழுத்தம் பாய்வுக்கு நேர்விகிதம். இரவில் நீர்ச் சுரப்பு ஏறக்குறைய பாதியாகிறது, எனவே தடையின் மேலுள்ள அழுத்தமும் பாதி. டைமொலால் சொட்டு மருந்து போட்டால் சுரப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும், அதுவும் அப்படியே பிரதிபலிக்கும். வால்வின் நோக்கம் வேறு: பாய்வு எவ்வளவு குறைந்தாலும் ஓர் எல்லைக்குக் கீழே இறங்காமல் மூடிக்கொள்வது. நடைமுறையில் அகமது முழுதாக மூடுவதில்லை, ஈரமான சவ்வு பாய்வுக்கேற்ப மாறும் தடையாகவே நடந்துகொள்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் 1990-களிலேயே காட்டின.

சிறு துளை அடைபடுவதும் எளிது. சிவப்பணு 7, 8 மைக்ரான், தனியாக வந்தால் 45-இல் போய்விடும். ஃபைப்ரின் இழையோடு, நிறமித் துகள்களோடு திரண்டு வந்தால் போகாது.

தட்டும்குழாயும் எழுதியது:

பேர்வெல்ட் வகையில் முடிச்சு எப்படிப் போடுவது என்பதை விரிவாக எழுதுகிறேன். பாடத்தில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், சிக்கல்கள் எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன.

தட்டைச் செருகி, லிம்பஸிலிருந்து (கார்னியாவின் விளிம்பு) 8 முதல் 10 மி.மீ. பின்னால் ஸ்கிளீராவில் (கண்ணின் வெண்சுவர்) தைத்த பிறகோ, அல்லது முன்பே வெளியிலோ, 7-0 விக்ரிலால் (தானே கரையும் நூல்) குழாயைத் தட்டிலிருந்து 2, 3 மி.மீ. தள்ளி இறுக்கிக் கட்டுகிறோம். குழாய் சுவர் உள்ளே முழுதாக மடிய வேண்டும். கட்டியதும் சோதனை கட்டாயம்: 30 கேஜ் கானுலாவைக் குழாய் முனையில் வைத்து பிஎஸ்எஸ் அழுத்துங்கள். முடிச்சுக்கு அப்பால் ஒரு துளிகூடப் போகக் கூடாது. கசிந்தால் அதன் பக்கத்தில் இன்னொரு முடிச்சு. "கொஞ்சம்தானே" என்று விட்டால் அன்றிரவே முன்னறை சப்பையாகும்.

முழு அடைப்பு என்றால் ஐந்து வாரம் வரை குழாய் வேலை செய்யாது, அதுவரை பிரஷர் 35-இல் இருக்கும் கண்ணை என்ன செய்வது? அதற்குத்தான் வென்டிங் கீறல்கள். முடிச்சுக்கு முன்னால், அதே விக்ரில் ஊசியின் தட்டை முனையால் குழாயைக் குத்தி ஊடுருவி எடுக்கிறோம், ஒன்று முதல் நான்கு வரை. சிலிக்கோன் தானாக மூடிக்கொள்ளும், உள்ளே அழுத்தம் ஏறினால் பிளந்து கசியும். எந்த அழுத்தத்தில் பிளக்கும் என்பது கீறலுக்குக் கீறல் மாறும், இதை நான் நம்பகமான வால்வாக எண்ணமாட்டேன். குழாயை மூடும் பேட்ச் கிராஃப்டுக்கு (ஒட்டுத் திசு) அடியில் கீறல் விழுந்தால் கிராஃப்ட் அதை அமுக்கி அடைத்துவிடும், இடத்தைப் பார்த்துக் குத்துங்கள். ஓரிரு வாரத்தில் சுற்றியுள்ள திசு கீறலை மூடத் தொடங்கும். அங்கிருந்து முடிச்சு திறக்கும்வரை சொட்டு மருந்துதான்.

நுழைவுத் துளையும் இதே அளவு முக்கியம். 23 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.64 மி.மீ., குழாய் 0.635. பொருத்தம் கச்சிதம். 22 கேஜ் 0.72. சுற்றிலும் 0.04 மி.மீ. இடைவெளிதானே என்று தோன்றும். 2 மி.மீ. நீளப் பாதையில் அந்த இடைவெளி விறைப்பாக நின்றால் பாய்வுத் தடை 0.03 மி.மீ. பாதரசம்தான், திறந்த குழாய்க்குச் சமம். திசு நெகிழ்ந்து ஓரளவு மூடும் என்பது உண்மை, ஆனால் முடிச்சு இறுக்கமாக இருந்தும் பிரஷர் 3 என்றால் முதலில் குழாயைச் சுற்றித்தான் பார்க்க வேண்டும். ஊசி ஐரிஸுக்கு இணையாகப் போகட்டும், ஒரே குத்து, ஆட்டக் கூடாது.

ஐந்தாம், ஆறாம் வாரம் இன்னொரு ஆபத்து. விக்ரில் நைந்து முடிச்சு ஒரே நாளில் திறக்கும். நோயாளி அப்போது மூன்று சொட்டு மருந்தும் அசிட்டசோலமைடும் எடுத்துக்கொண்டிருந்தால் சுரப்பு குறைவு, வழியோ முழுத் திறப்பு. பிரஷர் 20-களிலிருந்து 3, 4-க்கு விழும். கோராய்டு (விழித்திரைக்குப் பின்னுள்ள ரத்தநாளப் படலம்) உப்பும். அதிகக் கிட்டப்பார்வை, லென்ஸ் இல்லாத கண், விட்ரெக்டமி ஆன கண், ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்கள் இவர்களுக்குக் கோராய்டின் பின் ரத்தக்கசிவே வரலாம். அந்த வாரங்களில் நோயாளியை நெருக்கமாக வரவழைப்பதும், வலி, பார்வை மங்கல் என்றால் அன்றே வரச் சொல்வதும், பிரஷர் அனுமதித்தால் மாத்திரையை முன்பே நிறுத்துவதும் இந்த அறுவையின் பகுதிதான்.

பச்சைவிழி எழுதியது:

அகமது எஃப்பி7 மாடல் வைத்து ஆறாவது வாரம். முதல் வாரம் பிரஷர் 9, இப்போது 29. பிளெப் (தட்டின் மேல் நீர் தேங்கும் மேடு) உயரமாக, இறுக்கமாக, சிவந்து இருக்கிறது. வால்வு அடைத்துவிட்டதா? திறந்து கழுவ வேண்டுமா?

விழிநீர் எழுதியது:

பிளெப் உயர்ந்து இறுகியிருந்தால் நீர் வால்வைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது, கேப்சூலைத் தாண்டத்தான் முடியவில்லை. வால்வு அடைத்திருந்தால் தட்டின் மேல் பிளெப் தட்டையாக இருக்கும். இது ஹைப்பர்டென்சிவ் கட்டம், அதாவது அறுவைக்குப் பின் சில வாரங்களில் அழுத்தம் ஏறும் காலம். அகமதுவில் பேர்வெல்ட்டைவிட அடிக்கடி வரும். அறுவையன்றே நீர் ஓடத் தொடங்குவதால், இன்னும் ஆறாத திசுவின்மேல் அழற்சிக் காரணிகளும் வடுவைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டாவும் நிறைந்த நீர் படுகிறது. கேப்சூல் தடித்து வீங்குகிறது.

உறுதிப்படுத்த, மூடிய இமை வழியாக விரலால் கண்ணை மெதுவாக அழுத்தி விட்டு, பிரஷரை முன்னும் பின்னும் பாருங்கள். பிளெப் மேலும் உயர்ந்து பிரஷர் இறங்கினால் வழி திறந்திருக்கிறது. அசையவே இல்லை என்றால் கோனியோஸ்கோப்பில் (முன்னறைக் கோணத்தைக் காட்டும் லென்ஸ்) குழாய் முனையை எது அடைக்கிறது என்று பாருங்கள்: ஐரிஸ், ஃபைப்ரின், ரத்தம், விட்ரியஸ், சிலிக்கோன் எண்ணெய். முனை சுத்தமாக இருந்தும் பிளெப் தட்டை என்றால்தான் வால்வையோ, குழாய் மடிப்பையோ சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் விவரப்படி திறக்க வேண்டியதில்லை. நீர்ச் சுரப்பைக் குறைக்கும் சொட்டு மருந்து தொடங்குங்கள், நரம்பு தாங்கும் என்றால் சில மாதங்களில் பலருக்கும் இறங்கும். பிரஷர் 10-ஐத் தாண்டியதுமே மருந்தைத் தொடங்கும் முறையும் உண்டு. பிளெப்புக்குள் அழுத்தம் குறைவாக இருந்தால் கேப்சூல் மெல்லியதாக ஆறும் என்பது அதன் தர்க்கம்.

நுண்பாய்வு எழுதியது:

அந்தத் தர்க்கம் லாப்லாஸ் விதியோடு பொருந்துகிறது: சுவரின் இழுவிசை, அழுத்தமும் ஆரமும் பெருகப் பெருகக் கூடும். இழுபடும் நார்த்திசு தடித்துப் பதில் சொல்கிறது.

பரப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லலாம். எஃப்பி7 184 சதுர மி.மீ., பேர்வெல்ட் 350. சதுர மி.மீட்டருக்கு ஒரே கசிவு என்றால் பேர்வெல்ட்டில் அழுத்தம் ஏறக்குறைய பாதியாக இருக்க வேண்டும். இரு பெரும் ஒப்பீட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஐந்தாண்டு முடிவில் சராசரி, அகமதுவுக்கு 15.8, பேர்வெல்ட்டுக்கு 13.2. பாதி அல்ல. இரு தரப்பிலும் மருந்து போட்டு இழுத்துப் பிடித்த எண்கள் அவை, மிச்ச வடிகாலும் இணையாக இருக்கிறது, பெரிய பிளெப் தடித்த சுவரையும் வளர்க்கிறது. அதே ஆய்வில், அழுத்தம் மிகக் குறைந்ததால் தோல்வி என்று கணக்கிட்டது அகமதுவில் 0.4 சதவீதம், பேர்வெல்ட்டில் 4.5. பரப்புக்கு விலை உண்டு.

பாய்மம் எழுதியது:

மூழ்க வைத்து ஓட்டியதில் ரம்பம் போய்விட்டது. ஒரே கருவி, அடுத்தடுத்த ஓட்டங்களில் ஒன்றுக்குள்தான் வேறுபடுகிறது.

கடைசியாக ஒன்று. பால் (Paul) என்ற வடிகால் கருவியின் துளை 0.127 மி.மீ. 20 மி.மீ. நீளத்துக்கு 0.7தான் வருகிறது. அதுவும் போதாதே?

தட்டும்குழாயும் எழுதியது:

போதாது. அதனால்தான் 6-0 அல்லது 7-0 புரோலின் இழையை (கரையாத நூல்) உள்ளே நுழைத்து விடுகிறோம். 6-0 இழையின் விட்டம் 0.07 முதல் 0.1 மி.மீ. வரை. 0.08 என்று வைத்து, இழை நட்டநடுவில் நிற்பதாகக் கொண்டால் அந்தப் பகுதியின் தடை 18 மடங்கு. முழு நீளத்துக்கும் இழை இருந்தால் 0.7 என்பது 12.6 ஆகும். ஆனால் இழை நடுவில் நிற்காது, வளைந்து ஒரு பக்கச் சுவரில் ஒட்டும். முழுக்க ஒட்டினால் தடை பாதிக்கும் கீழே போகும். இழை 10 மி.மீ. மட்டும் உள்ளே போனால் அதிலும் பாதி. எத்தனை மி.மீ. நுழைத்தோம் என்பதை அறுவைக் குறிப்பில் எழுதுங்கள், பின்னால் பிரஷர் 5 என்று வந்தால் அந்த எண் தேவைப்படும்.

இழையின் வெளிமுனையைக் கன்ஜங்க்டைவாவுக்கு அடியில், லிம்பஸை ஒட்டி, ஸ்லிட் லாம்பில் எட்டும் இடத்தில் விடுங்கள். எடுக்க வேண்டி வந்தால் சொட்டு மயக்க மருந்து போட்டு, சிறு கீறல் வைத்து உருவிவிடலாம். கேப்சூல் உருவாகும் முன் எடுத்தால் திறந்த குழாயின் கதைதான். பிரஷர் ஏறாத கண்ணில் அதை எடுக்க எந்த அவசரமும் இல்லை, ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருக்கட்டும்.